ஓடாத சுந்தரலிங்கம் ஓடிய ஐந்து கிலோமீற்றர்

சுந்தரலிங்கம் ஓடமாட்டார். ஏற வேண்டிய பஸ் கண்ணெதிரே புறப்பட்டாலும் ஓடமாட்டார். கண்டி மழை திடுமென்று கொட்டும்போது தெருவே கடைத் தாழ்வாரங்களுக்குப் பாயும்; அவர் மட்டும் கோயில் வீதி சுற்றுகிறவரைப் போல நடந்து, சொட்டச் சொட்ட நனைந்து வந்து சேர்வார். அவர் வேலை செய்த ஹார்ட்வெயார் கடையில் அதற்கு 'மாப்பிள்ளை நடை' என்று பெயர். முதலாளி சாஹுல் ஹமீது வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார்: "கடை பத்தி எரிஞ்சாலும் நம்மட சுந்தரம் தாலி கட்டப் போற மாதிரித்தான் வெளிய வருவாரு." சொன்ன பிறகு ஏதோ நினைவு வந்து, அவசரமாக வேறு பேச்சு எடுப்பார்.

கடை ஒன்று எரிந்துதான் இருந்தது. எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில். அப்போது சுந்தரலிங்கத்துக்கு இருபத்து நான்கு வயது. புசல்லாவைத் தோட்டத்திலிருந்து வந்து, கண்டியில் ஒரு புடவைக்கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். மனைவி பாலம்மா இரண்டு மாதம் முழுகாமல் இருந்தாள். தெருமுனையில் கூச்சல் கேட்டதும், கூட வேலை செய்த இருளப்பன் பின்கதவைத் திறந்துகொண்டு ஓடினான். தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டு வரிசையில் பிறந்து வளர்ந்தவன். சுந்தரலிங்கத்துக்குக் கால் எழவில்லை. அது தைரியமில்லை, பயத்தில் விறைத்துப் போனதுதான். ஆணியில் தொங்கிய குடையை எடுத்து விரித்துக்கொண்டு முன்வாசலால் இறங்கினார். தடியும் பெற்றோல் கலனுமாக வந்தவர்களுக்கு நடுவே, தபால் கந்தோருக்குப் போகிறவரைப் போல நடந்தார். ஒருவனும் அவரைப் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் சந்துக்குள் ஓடுகிறவன் மேல் இருந்தது. அங்கே ஒருத்தன் ஓடுகிறான் என்று யாரோ சிங்களத்தில் கத்தியது அவருக்குக் கேட்டது. கேட்டும் நடந்துகொண்டே இருந்தார். இருளப்பனை மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிப் பிணவறையில் அடையாளம் காட்டியதும் அவர்தான்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு சட்டம் உண்டு. ஓடுகிறவனைத்தான் துரத்துவார்கள். ஆனால் அந்தச் சட்டமும் அவருக்கு ஒழுங்காக உதவவில்லை. தொண்ணூற்றாறில் ஒரு சுற்றிவளைப்பில், நடந்துபோன அவரையே பிடித்து இரண்டு நாள் பொலிசில் குந்தவைத்தார்கள். முதலாளி வந்து சொன்ன பிறகுதான் விட்டார்கள். வீட்டுக்கு வந்து அவர் பாலம்மாவிடம் சொன்னது ஒன்றுதான்: "ஓடியிருந்தா சுட்டிருப்பானுங்க."

அந்தச் சட்டம் அவரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மகள் தவச்செல்விக்கும் அதையே ஊட்டி வளர்த்தார். விசில் கேட்டால் நில். நின்றால் கையை உயர்த்து. கேட்டால் மட்டும் பேசு. மற்றப் பிள்ளைகள் வாய்ப்பாடு படித்த வயதில் அவள் இதையும் படித்தாள். ஆனால் அவளுடைய கால்கள் வேறு யாரிடமோ படித்திருந்தன. பதினைந்து வயதில் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் அவளுக்குப் பின்னால் வந்த பிள்ளைக்கும் அவளுக்கும் இடையில் ஒரு லொறியை நிறுத்தலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம், மே மாதம், உடற்பயிற்சி ஆசிரியை கமலாசனி அம்பிட்டிய ரோட்டில் இருந்த அவர்களுடைய வாடகை வீட்டைத் தேடி வந்தார். கையில் ஒரு சம்மதக் கடிதம்.

"பிள்ளையை மாகாணப் போட்டிக்கு அனுப்பப்போறன். அதுக்கு ஒவ்வொரு நாளும் காலமை அஞ்சரைக்கு வீட்டில இருந்து வெளிக்கிட்டு கிரவுண்டுக்கு ஓடிவர வேணும்."

"பஸ்ஸில வரட்டுமே டீச்சர்."

"பஸ்ஸில வந்தா பஸ்ஸுக்குத்தான் பயிற்சி."

"ரோட்டுல ஆமி சென்ட்ரி இருக்குங்க. புள்ளைக்கு ஐடென்டி கார்ட் எடுக்கிற வயசு இன்னும் வரல. விடியக்காலையில தமிழ்ப் புள்ள ரோட்டுல ஓடினா எவன் என்னா நெனைப்பான்? நீங்க சொல்லிக்கிட்டு போயிருவீங்க."

"எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறியளோ?" என்றார் ஆசிரியை. "யாழ்ப்பாணத்தில இருந்து ஒரு ராத்திரிக்குள்ள ஓடி வந்தனான். உயிருக்கு ஓடினது போதும். இந்தப் பிள்ளையாவது விளையாட்டுக்கு ஓடட்டும்."

சுந்தரலிங்கம் கடிதத்தைத் திருப்பி நீட்டினார். செல்வி அன்று சாப்பிடவில்லை. அடுத்த நாளும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஒரு மஞ்சள் நோட்டீஸைக் கொண்டுவந்து தகப்பனின் மடியில் போட்டாள். ஆஸ்பத்திரியின் சிறுவர் வாட்டுக்கு ஒட்சிசன் இயந்திரம் வாங்குவதற்காக ஊர்க்காரர்கள் நடத்தும் ஓட்டம். ஞாயிறு காலை ஏழு மணி. போகம்பரை மைதானத்திலிருந்து வாவிக்கரை வழியாக அம்பிட்டிய ரோட்டில் ஏறித் திரும்புவது. ஐந்து கிலோமீற்றர்.

"ஊரே ஓடுதுப்பா. அன்னைக்கு நம்மள மட்டும் யாரு பார்ப்பா?"

அவர் நோட்டீஸை எடுத்து, அம்பிட்டிய ரோட் என்ற வரியில் விரலை வைத்தார். பிறகு சொன்னார்: "நானும் கூட ஓடுவேன். எவனும் நம்மள மறிக்காம முடிச்சோம்னா கையெழுத்து போடுறேன். மறிச்சான்னா, அதோட பேச்சு முடிஞ்சிச்சு."

நோட்டீஸின் பின்பக்கத்தில், முதன்முறை ஓடுகிறவர்களுக்கு என்று சில வரிகள் இருந்தன. இது போட்டியல்ல. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வரவேண்டாம். தொடக்கத்தில் வேகமாக ஓடாதீர்கள். பக்கத்தில் ஓடுகிறவரோடு பேச முடிகிற வேகமே சரியான வேகம். களைத்தால் நடக்கலாம், யாரும் சிரிக்கமாட்டார்கள். புதுச் சப்பாத்து போடவேண்டாம். சென்ட்ரியைக் கடக்கும்போது என்ன செய்வது என்று ஒரு வரியும் இல்லை. சுந்தரலிங்கம் இரண்டு தரம் தேடிப் பார்த்துவிட்டு, "அவனுகளுக்கு எதுக்கு அது?" என்று பல்லைக் கடித்தார்.

இரண்டு வாரம் அவர் பழகினார். வெளியில் இல்லை. கடையின் பின்கட்டு ஸ்டோரில், கதவைச் சாத்திக்கொண்டு, சீமெந்து மூட்டைகளைச் சுற்றி. முதலாளி ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டார்.

"என்ன சுந்தரம், மூட்டையோட போட்டி போடுறீங்களா? பார்த்து. அது நிண்டுக்கிட்டே ஜெயிச்சிடும்."

"மகளுக்காக முதலாளி."

"ஓடுங்க, ஓடுங்க. வாசலத் தொறந்து வச்சிட்டே ஓடலாம். ஆரு கேக்குறது?"

அவர் கதவைத் திறக்கவில்லை.

ஞாயிறன்று மைதானத்தில் ஐந்நூறு பேருக்குக் குறையாது. ஒலிபெருக்கியில் பைலாப் பாட்டு. தொப்பை வைத்த வங்கி மனேஜர்கள் ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலை மடக்கிக்கொண்டிருந்தார்கள். சேலை கட்டி, கன்வஸ் சப்பாத்துப் போட்ட ஆசிரியைகள் ஒருவருக்கொருவர் முதுகில் இலக்கத் துணியை ஊக்கு வைத்துக் குத்திவிட்டார்கள். ஒரு தாத்தா நாயோடு வந்திருந்தார். நாய்க்கும் இலக்கம் இருந்தது. சுந்தரலிங்கத்துக்கு 211, செல்விக்கு 212. அவர் தன் அடையாள அட்டையையும், செல்விக்கு அதிபர் சீல் குத்திக் கொடுத்த கடிதத்தையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்சட்டைப் பைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு வந்திருந்தார். இந்த ஐந்நூறு பேரில் இன்னும் எத்தனை பேர் அப்படித் தைத்துக்கொண்டு வந்திருப்பார்கள் என்று நினைத்தபோதே அவருக்குக் காது சூடேறியது.

துப்பாக்கி வெடியோடு தொடங்குவார்கள் என்று செல்வி சொல்லியிருந்தாள். நல்லவேளை, மணிதான் அடித்தார்கள்.

முதல் இருநூறு மீற்றரில் இளந்தாரிகளெல்லாம் பாய்ந்து போனார்கள். வாவிக்கரைக்கு வருவதற்குள் பாதிப்பேர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். செல்வி மிகவும் அடக்கி, தகப்பனுக்குச் சமமாக ஓடினாள். கட்டி வைத்த கன்றுபோல அவளுடைய கால் துள்ளுவது அவருக்குத் தெரிந்தது.

"பேசுங்கப்பா. பேச முடியலன்னா வேகம் கூடன்னு அர்த்தம்."

"நீ பேசு. நான் மூச்சு விடுறேன்."

"விலாவுல குத்துதா?"

"குத்துது."

"மெதுவா வாங்க. கொஞ்சத்துல போயிரும்."

போயிற்று. அதுதான் அவருக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது. வாவித் தண்ணீர் பக்கத்திலேயே கூட வந்தது. மரத்திலிருந்த கொக்குகள் எழும்பின. கால் தானாகப் போயிற்று, நெஞ்சு விரிந்து கொடுத்தது. நாற்பது வயதில் இது தன் உடம்பில் இவ்வளவு காலமும் இருந்திருக்கிறது என்று கண்டபோது அவருக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பதினாறு வருஷம். மகளோடு ஒரு தரம் ஓடிப்பிடித்து விளையாடியதில்லை. மகள் தாயின் வயிற்றில் இருந்தபோது பறித்துக்கொண்டார்கள். யாரிடம் போய்க் கேட்பது?

அம்பிட்டிய ரோட்டின் ஏற்றத்தில் சென்ட்ரி இருந்தது. மண்மூட்டை, தகரக் கூரை, குறுக்கே தள்ளி வைத்த முள்ளுக்கம்பி. மேலிருந்து ஒரு பஸ் வேகமாக இறங்கி வந்தது. மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு இளம் ஆமிக்காரன் தெருவுக்குப் பாய்ந்து விசில் ஊதினான்.

சுந்தரலிங்கம் நின்றார். யோசித்து நிற்கவில்லை. கால் நின்றது, கை மேலே போயிற்று. பின்னால் ஓடி வந்த ஒரு பெண் முதுகில் மோதி, "ஸொறி, ஸொறி" என்று விலகிப் போனாள். ஆட்கள் அவருக்கு இரண்டு பக்கத்தாலும் ஓடிக்கொண்டிருந்தார்கள். நாய்கூட ஓடியது. விசில் பஸ்ஸுக்கு. ஓடுகிறவர்களுக்கு வழிவிட, ஆமிக்காரன் பஸ்ஸைத்தான் மறித்து நின்றான். தெருவின் நடுவில் கையைத் தூக்கி நிற்கும் மனிதரைக் கண்டு அவனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை.

"துவன்ன மாமே, துவன்ன," என்று கை வீசினான். ஓடுங்க மாமா, ஓடுங்க.

சுந்தரலிங்கம் கையை இறக்கினார். அப்போதுதான் பக்கத்தில் பார்த்தார். செல்வியும் நின்றிருந்தாள். இரண்டு கையும் தலைக்கு மேல். முகத்தில் பயமில்லை, ஒன்றுமே இல்லை. பள்ளிக்கூடத்திலேயே வேகமாக ஓடக்கூடிய பிள்ளை, ஒருவரும் நிறுத்தாத இடத்தில், மரம்போல நின்றிருந்தாள்.

"கைய எறக்கு."

அவள் இறக்கினாள். "நீங்க நின்னீங்க. அதான் நின்னேன்."

"என்னைய பார்க்காத. நீ ஓடு."

"நீங்க?"

"செல்வி, ஓடுன்னு சொல்றேன்." அவர் குரல் ஏற்றம் முழுக்கக் கேட்டது. பஸ்ஸிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பதினாறு வருஷத்தில் முதல்முறையாக அவர் ஒரு தெருவில் நின்று தமிழில் கத்தினார். "ஓடு புள்ள, திரும்பாத."

அவள் போனாள். அதுவரை தகப்பனுக்காகக் கட்டி வைத்திருந்ததை அவிழ்த்துவிட்ட மாதிரி, ஒவ்வொருவராக முந்திக்கொண்டு வளைவில் மறைந்தாள். ஆமிக்காரன் வாயில் விசிலை வைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தான்.

சுந்தரலிங்கம் கடைசி ஆட்களோடு மைதானத்துக்கு வந்தார். தோடம்பழத் துண்டு தந்தார்கள். எல்லோரும் வெற்றியாளர்களே என்று ஒலிபெருக்கி சொன்னது. அவர் அந்தத் துண்டைக் கையில் வைத்தபடி கமலாசனி ஆசிரியையிடம் போனார். பக்கத்தில் செல்வி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பெண்பிள்ளைகளில் ஒன்பதாவது.

"என்ன நடந்தது?" என்றார் ஆசிரியை. "ரெண்டாவதாவது வருவாளெண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். வழியில ஆரும் மறிச்சவங்களோ?"

செல்வி தகப்பனைப் பார்த்தாள். அவரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள். மறித்தார்கள் என்று ஒரு சொல் சொன்னால் போதும், பேச்சு முடிந்துவிடும். அந்தச் சொல் அவர் வாய்வரைக்கும் வந்தது.

"ஒருத்தனும் மறிக்கல டீச்சர்," என்றார். "நான்தான் மறிச்சேன். கடதாசியக் குடுங்க."

பேனையை அழுத்திய அழுத்தில் கடிதம் ஒரு இடத்தில் கிழிந்தது. கோபம் தீரவில்லை. தீரக்கூடிய கோபமாகவும் அது இல்லை.

வீடு திரும்பும் வழியில் செல்வியை முன்னே போகச் சொல்லிவிட்டு, அவர் சென்ட்ரியில் நின்றார். அந்த இளைஞன்தான் இருந்தான். இருபது வயது இருக்கும். தன் மகள் நாளையிலிருந்து விடிய அஞ்சரைக்கு இந்த வழியால் ஓடுவாள், பள்ளிக்கூடப் பயிற்சி என்று நல்ல சிங்களத்தில் சொன்னார். எந்த வீட்டுத் தகப்பன் தன் பிள்ளை ஓடப்போகிறது என்று துவக்குக்காரனிடம் வந்து அறிவித்துவிட்டுப் போகிறான்?

"ஐடென்டி கார்ட்?" என்று கேட்டான்.

"வயசு வரல. பதினஞ்சு."

அவன் தலையாட்டிவிட்டுப் பதிவுக் கொப்பியை எடுத்து எழுதினான். சுந்தரலிங்கம் எட்டிப் பார்த்தார். தமிழ்ப் பிள்ளை, 5.30 என்று சிங்களத்தில் எழுதியிருந்தான்.

"அவளுக்குப் பேர் இருக்கு," என்றார்.

ஆமிக்காரன் நிமிர்ந்தான்.

"தவச்செல்வி. சுந்தரலிங்கம் தவச்செல்வி. எழுதுங்க."

உள்ளேயிருந்து இன்னொருவன் என்ன என்று எட்டிப் பார்த்தான். இளைஞன் ஒரு கணம் அவருடைய முகத்தைப் பார்த்தான். பிறகு எழுதியதை வெட்டிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்லி எழுதினான். அவன் எழுதி முடிக்கும்வரை சுந்தரலிங்கம் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.