அத்தனை வெயில் இருந்தும்

‘கொர்ர்ர்…’ என்று நெபுலைசர் ஓடினாலே எனக்கு ஈர மண்ணும் முறிந்த வேம்பும் மணக்கும். சில வருடங்களுக்கு முன், தேவிபட்டினத்துக்குப் பக்கத்தில் எங்கள் கடலோர ஊரைப் புயல் புரட்டிப் போட்ட மறுநாள் காலை. கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. ரோடெல்லாம் மரம், ஆஸ்பத்திரிக்கு வழியில்லை. வானத்தில் மட்டும் ஒன்றுமே நடக்காதது மாதிரி பளிச்சென்று வெயிலடித்தது.

என் மனைவிக்கு ஆஸ்துமா இளைப்பு வந்துவிட்டது. நெபுலைசர் இருக்கிறது, மருந்து இருக்கிறது, மொட்டை மாடி நிறைய சோலார் பலகை இருக்கிறது. கரண்ட் இல்லை! எங்களுடையது பேட்டரி இல்லாமல், தெரு லைனோடு சேர்ந்து ஓடுகிற வகை. லைன் போனால், கம்பத்தில் வேலை பார்ப்பவருக்கு ஷாக் அடிக்கக்கூடாதென்று தானும் நின்றுவிடும். நியாயம்தான். ஆனால் தலைக்கு மேல் அத்தனை வெயில் வழிய, இவள் ஒரு வாய்க் காற்றுக்குத் தவித்தாள்.

தெருமுனைப் பெட்டிக்கடைப் பெண்ணிடம் ஒரே ஒரு பலகை, பழைய பேட்டரி, சின்ன இன்வெர்ட்டர் இருந்தன. நெபுலைசரை எடுத்துக்கொண்டு, இவளைத் தாங்கிப் பிடித்து அங்கே போனேன். தெருவே அங்கு போனுக்குச் சார்ஜ் போட்டிருந்தது.

“பேட்டரி பாதிகூட ஏறலண்ணே, போனு, மிஷினு ரெண்டும் தாங்காது” என்றவர், இவள் முகத்தைப் பார்த்ததும் தன் போனைத்தான் முதலில் பிடுங்கினார். உயிரோடு இருக்கிறோம் என்று சவூதியிலிருக்கும் கணவருக்கு அவர் இன்னும் சொல்லவில்லை.

“கழட்டுங்கப்பா எல்லாரும்!”

மீனவர் ஒருவர் போனை உருவிக்கொண்டே, “மாடியில அம்புட்டுப் பலகை கெடக்கே மாப்ளே, கருவாடு காயப்போடவா?” என்றார். மூச்சு வாங்கிக்கொண்டே இவள் சிரித்துவிட்டாள்.

கொர்ர்ர். மருந்து தீருமுன்னே இன்வெர்ட்டர் கீகீ என்று கத்தியது. அந்தப் பெண் சட்டென்று தொட்டில் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஃபேனை அணைத்துவிட்டு, பிள்ளைக்கு முந்தானையால் விசிறினார். கத்தல் நின்றது. இவள் உதட்டில் மெல்ல நிறம் திரும்பியது.

பிறகு நானும் பேட்டரி வாங்கினேன். ஆனாலும் வெயில் அள்ளித் தருவதை, குறைகிற நேரத்தில் யாருக்கு முதலில் என்று பார்த்துக் கொடுக்க ஒரு மனசு வேண்டியிருக்கிறது. அன்று கிளம்பும்போது அந்தக் கடைப் பெண் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது:

“வெயில் எறங்குறதுக்குள்ள மதினிய இன்னொருக்கக் கூட்டியாங்கண்ணே. இருட்டிருச்சுன்னா என் கையில ஒண்ணுமில்ல. அதுவரைக்கும் பேட்டரி ஏறட்டும், என் போன் சும்மா கெடக்கட்டும்.”