அவள் காதில் விழ வேண்டியது

சிறையில் அவனை எல்லாரும் ‘பைப்பு’ என்றுதான் கூப்பிட்டார்கள். வெளியே குழாய் வேலை பார்த்தவன். ஒரு கட்டடத்தில் மேஸ்திரியோடு வாய்ச்சண்டை முற்றி, கையிலிருந்த ரெஞ்சை வீசிவிட்டான். மேஸ்திரி தலையில் தையலோடு வீடு திரும்பினார். இவன் கையில் விலங்கோடு உள்ளே வந்தான். அப்போது அவன் மனைவி முழுகாமல் இருந்தாள். ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட ஆளில்லாமல் வழக்கு இழுத்துக்கொண்டே போக, அவள் தன் அண்ணன் வீட்டோடு போய்விட்டாள்.

சிறையில் ஒழுகாத குழாய் கிடையாது. அதனால் பைப்புக்கு எல்லாப் பிளாக்கிலும் மரியாதை. வார்டர்கள்கூட, “தம்பி, ஆபீஸ் கக்கூஸ் அடைச்சுக்கிச்சு, கொஞ்சம் பாரேன்” என்று குழைவார்கள்.

எச்.ஐ.வி. பரிசோதனைக்கு ஆட்கள் வந்த அன்று வராண்டாவில் வரிசை கட்டி நிறுத்தினார்கள். விருப்பம் இருந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ரத்தம் கொடுத்தவனுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் உண்டு என்றதும் எல்லாருக்கும் விருப்பம் வந்துவிட்டது.

“இந்தச் சோத்தைத் தின்னு உடம்புல ரத்தம் எங்கடா ஊறியிருக்கு? ஊசியில குழம்புதான் வரப்போகுது” என்றான் முன்னால் நின்றவன். வரிசையே சிரித்தது. பைப்பும் சிரித்தான். பிஸ்கட்டை அங்கேயே பிரித்துத் தின்றான்.

சில நாள் கழித்து வார்டர் வந்து, “ஆலோசகர் அம்மா ரூம்ல குழாய் ஒழுகுதாம், சாமானை எடுத்துட்டுப் போ” என்றார். போனான். குழாயை முடுக்கிப் பார்த்தான். சொட்டுத் தண்ணீர் கசியவில்லை.

“குழாய் நல்லாத்தான் இருக்கு. உக்காருங்க” என்றார் அந்த அம்மா. “சும்மா கூப்பிட்டா மத்தவங்க ஒண்ணுக்குப் பத்தாப் பேசுவாங்கன்னுதான் அப்படிச் சொன்னேன்.”

அப்போதே அவனுக்கு விளங்கிவிட்டது. அதன் பிறகு அவர் சொன்னதில் பாதி காதில் ஏறவில்லை. மருந்து இருக்கிறது, விடாமல் சாப்பிட்டால் ஆயுசோடு வாழலாம் என்றதெல்லாம் யாருக்கோ சொன்னதுபோல இருந்தது.

“உள்ள வந்து பச்சை குத்திக்கிட்டேன் மேடம். ஒரே ஊசிதான் எல்லாருக்கும். அதுல வந்திருக்கும்ல?” என்று கெஞ்சினான். ஊசியால் வந்திருந்தால் மனைவி தப்பித்தாள். ஆனால் கல்யாணத்துக்கு முன் ஊர் ஊராக வேலைக்குப் போய்த் தங்கிய காலமும் இருந்தது. அது அவனுக்கும் தெரியும்.

“எப்ப வந்ததுன்னு இந்த டெஸ்ட் சொல்லாதுப்பா. உங்க வீட்டுக்காரம்மா முன்னாடியே டெஸ்ட் எடுத்திருந்தாலும் இப்ப மறுபடி எடுத்தாகணும். அவங்களுக்கும் இருந்தா உடனே மருந்து ஆரம்பிச்சு குழந்தையைக் காப்பாத்தப் பார்க்கலாம். நான் போன் பண்ணட்டுமா?”

“ஐயோ, வேணாம் மேடம். போன் மச்சான் கையில இருக்கும். நானே சொல்லிடறேன்.”

கைதிகளை வீட்டார் வந்து பார்க்கிற மனு நாளில் அவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்தாள். கைதிகளுக்கு ஒரு கம்பி வலை, வந்தவர்களுக்கு ஒரு கம்பி வலை, நடுவே வார்டர் நடக்கிற சந்து. இந்தப் பக்கம் இருபது பேர், அந்தப் பக்கம் இருபது பேர், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசுகிற இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினால்தான் ஒரு வார்த்தை அக்கரை சேரும்.

“டெஸ்ட் எடுத்துக்கோ!” என்று கத்தினான்.

“எடுத்தாச்சுங்க! ஸ்கேன்ல நல்லா இருக்குதாம்!”

“அது இல்ல, ரத்தம்! ரத்தம்!”

“ஆமாங்க, கம்மியா இருக்குதாம்! மாத்திரை குடுத்திருக்காங்க!” என்று சிரித்தாள். அவளருகே அண்ணன் நின்றிருந்தார். இவன் தோளை ஒட்டி, அதே செல்லில் படுக்கிறவன் தன் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தான். அந்த ஒரு சொல்லைக் கத்தினால் நாற்பது பேர் காதிலும் விழும். மணி அடித்தது.

“உடம்பைப் பாத்துக்குங்க!” என்று அவள்தான் கத்திவிட்டுப் போனாள்.

மறுநாள் ஆலோசகரிடம் போய் நின்றான். “நீங்களே சொல்லிடுங்க மேடம். என்னால முடியல.”

பிறகு காத்திருந்தான். அடுத்த மனு நாளில் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. ஆலோசகர் அறைக்கு ஓடினான்.

“ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. டெஸ்ட் எடுத்துக்கிட்டாங்க” என்றார் அவர்.

“என்ன வந்துச்சு மேடம்?”

“அதை அவங்கதான் உங்களுக்குச் சொல்லணும். நான் சொல்லக் கூடாது.”

“நான் புருஷன் மேடம்!”

“உங்க விஷயத்தை நான் யாருக்காவது சொன்னேனா? அதே மாதிரிதான்பா.”

அவர் முகத்தையே பார்த்தான். நல்லதோ கெட்டதோ, அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அந்த முகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை.

ஒருநாள் மச்சான் மட்டும் வந்தார். “பொண்ணு பொறந்திருக்கு மாப்ள!”

“ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா?”

“இருக்காங்க!”

“அவ எப்ப வருவா?”

மச்சான் ஏதோ சொன்னார். பக்கத்தில் ஒருத்தன் வக்கீலைத் திட்டிக்கொண்டிருந்த சத்தத்தில் காதில் விழவில்லை. “என்ன மச்சான்?” என்று கம்பியில் முகத்தை அழுத்திக் கேட்டான். அவர் கையை விரித்துக் காட்டினார். தெரியாது என்றாரா, வரமாட்டாள் என்றாரா என்று கேட்பதற்குள் வார்டர் எல்லாரையும் கிளப்பிவிட்டார்.

செல்லுக்குள் சேதி முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. “அப்பனாயிட்டடா பைப்பு!” என்று ஆளாளுக்குக் கட்டிப் பிடித்தார்கள். “பொண்ணு யார் ஜாடை?” என்று கேட்டான் ஒருத்தன்.

“தெரியலண்ணே” என்றான்.