சீட்டை வீசத் தெரியாத மீன் வியாபாரி

ஜப்பார் மச்சான் சொன்ன கதையில் எனக்குப் பல வருடமாகச் சந்தேகம். வெளிநாட்டு ஹோட்டல் ஒன்றில் சமையல்காரனாக இருந்தபோது, ஊழியர்களுக்கு நடந்த போக்கர் போட்டியில், உதவாத சீட்டு வந்த சுற்றுகளில் ஆடாமல் அவற்றைப் பொறுமையாக வீசிவிட்டு, கடைசியில் ஒற்றை ஆளாக நின்று வென்றானாம். கரையில் மீன் ஏலம் எடுப்பவனுக்கு இது நம்பக் கஷ்டம். எங்கள் தொழிலில் வாயை மூடிக்கொண்டு நின்றவன் வெறும் பெட்டியோடு வீடு போவான். ஆனாலும் ஒரு தடவையாவது அந்தப் பொறுமை எனக்கு வாய்க்குமா என்று பார்க்க ஆசை. கை சும்மா இராதவர்களுக்கு இந்த அவஸ்தை விளங்கும்.

புளியங்கொட்டை

வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு, கல்முனைக்குடியில் என் ஐஸ் அறைக்குப் பின்னால் போக்கர் ஆடக் கூடுவோம். காசு கிடையாது; பந்தயம் வைக்க ஆளுக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறையப் புளியங்கொட்டை. சிரட்டை காலியானவன் எழும்ப வேண்டும். நான் எந்தச் சீட்டையும் விடமாட்டேன். விட்டால் வேறு எவனோ கொண்டுபோய்விடுவான் என்று நெஞ்சு அடிக்கும். ஒரு வெள்ளி பிளேன்டீ வருமுன்பே முதல் ஆளாக எழும்பினேன். ஜப்பார் சொன்னான்: "மச்சான், நீ சீட்டு விளையாடல்ல, கீரிமீன் வாங்குறாய்."

போன் பாடம்

போனில் போக்கர் சொல்லித்தரும் வீடியோ பார்த்தேன். ஒரே சதவீதக் கணக்கு. பாதியில் எழும்பி நடந்தேன், திரும்ப வந்து இருந்தேன், மறுபடி எழும்பினேன். மீன் வெட்டிக்கொண்டிருந்த மனைவி சபியா நிமிராமலே கேட்டாள்: "ஏலத்துல என்ன கணக்குப் பாத்தீங்க? ஆக்கள்ர மூஞ்சியத்தானே பாத்தீங்க?"

கரையில் பயிற்சி

அதுதான் எனக்கேற்ற பாடம் என்று பட்டது. மறுநாள் கரைவலையை இழுத்துக் கரையேற்றியதும், நல்ல பெட்டி வரும்வரை வாய் திறப்பதில்லை என்று நின்றேன். முதல் பெட்டி போனது. அடுத்ததும் போனது. கால்விரலால் மணலைக் கிண்டினேன். ஆனால் எவனுக்கு மீன் தேவை, எவன் சும்மா விலை ஏற்றுகிறான் என்பது அன்றுதான் தெளிவாகத் தெரிந்தது. ஏலம் கூறுகிற மஜீத் கூவலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்: "என்ன முதலாளி, சத்தத்தக் காணல்ல? ஆஸ்பத்திரிக்கு ஏத்தவா?"

முழங்கால்

போன வெள்ளி அதேபோல வீசி வீசியே தாக்குப்பிடித்தேன். மூன்று பேர் மிஞ்சினோம். ஜப்பார் எனக்கு நேரெதிரே. வழக்கமாக முதலில் எழும்பிக் கோபத்தோடு வீட்டுக்குப் போய்விடுவதால், அவன் ஆட்டத்தை நான் முழுதாகப் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தேன். அவன் ஒரு சீட்டையும் வீசவில்லை. முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. எது வந்தாலும் கொட்டையை அள்ளி வைத்தான். சிரட்டையின் அடி தெரிந்தது.

இந்த மனிதனின் பொறுமையை வைத்தா இத்தனை வருடம் என்னை நானே திட்டிக்கொண்டேன்? சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டேன்: "மச்சான், அண்டைக்கு ஹோட்டல்ல நீ வெண்டதா, இல்ல தேத்தண்ணி குடுத்துட்டு வெண்டவன்ர பின்னால நிண்டு பாத்ததா?"