மரத்தில் முளைத்த ஏமன்காரி

ஜன்னதுல் பிர்தௌஸுக்குக் கோபம் வந்தால் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் உறுமிக்கொண்டிருக்கும் வெள்ளிமலை வண்டி தானாக அணைந்துவிடும் என்று நான் சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. வேண்டாம், நம்பாதீர்கள். ஆனால் அவளுக்கு வந்த கோபம் நியாயமானது என்பதையாவது கடைசியில் ஒப்புக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எனக்கும் கோபம் வரும்.

பிர்தௌஸ் ஐம்பதைத் தாண்டியவள். சரித்திரத்தில் எம்.ஏ. முடித்த கையோடு கல்யாணமாகி, கணவன் நவுஷாத்தின் பாத்திரக்கடைக் கல்லாவில் உட்கார்ந்தவள். சீர்வரிசைக்குக் குடம் வாங்க வருகிறவர்கள் தட்டித் தட்டிப் பார்த்து விலை பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில், பில் போடும் கம்ப்யூட்டரில் அவள் சீமை நூலகங்களைத் திறந்து வைத்திருப்பாள். எல்லாம் இலவசம். உலகத்து நூலகங்களின் அட்டவணைகள், பழைய ஜில்லா கெஜட்டுகள், ஜனத்தொகைக் கணக்குகள், கோர்ட்டுத் தீர்ப்புகள், குடும்ப மரம் வரைகிற தளங்கள் என்று அவள் நுழையாத கதவு கிடையாது.

அவள் தேடியது ஒரே ஒரு பேரை.

அவளுடைய அத்தா சாவதற்கு முந்தின ரம்ஜானில் பிள்ளைகள் இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார். "எங்க ஆயா, எங்கத்தாவப் பெத்தவங்க, மலைக்காரிம்மா. எங்க பாட்டனார் காதர் மொய்தீன் உப்பும் துணியும் ஏத்திக்கினு கல்வராயன் மலைக்குப் போவாரு. கடுக்காவும் புளியும் ஏத்திக்கினு எறங்குவாரு. ஒருவாட்டி எறங்கும்போது ஆயாவும் கூட எறங்கிடுச்சி. வெள்ளிமலைக்கு அந்தாண்ட ஏதோ ஊரு. கலிமா சொல்லிக் குடுத்து நிக்காஹ் பண்ணிக்கினாரு."

"பேரு இன்னா அத்தா?" என்று பிர்தௌஸ் கேட்டாள்.

"ஆயான்னு கூப்புடுவோம். பேரு யாருக்குத் தெரியும்?"

ஒருத்தி மலையிலிருந்து இறங்கி வந்து, பாஷை வழக்கம் சாப்பாடு எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு, பிள்ளைகள் பெற்று, அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளை வளர்த்து, கடைசியில் பேர்கூட மிஞ்சாமல் மண்ணுக்குள் போய்விட்டாள். பிர்தௌஸுக்கு அன்றைக்கு மூண்ட எரிச்சல்தான் அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்த்தி வைத்தது.

தேடத் தேட எரிச்சல் ஜாஸ்திதான் ஆனது. வெள்ளைக்காரன் கடுக்காயை எண்ணி வைத்திருந்தான். மலையில் எத்தனை ஏர், எத்தனை புலி செத்தது, புலியைச் சுட்டவனுக்கு என்ன வெகுமதி, ஜாகீர்தார்களில் யாரோடு யாருக்குச் சண்டை, எல்லாம் இருந்தது. காதர் மொய்தீன்கூட ஒரு பழைய வழக்கில் சாட்சியாக வந்து, கடுக்காய் மூட்டை நனைந்த கதையைச் சொல்லிவிட்டுப் போனார். அவர் மனைவி மட்டும் எங்கேயும் கிடையாது. செத்த புலிக்கு இருந்த மரியாதைகூட உயிரோடு இருந்த பெண்ணுக்கு இல்லை. பில்லுக்குக் காத்திருந்த ரிஷிவந்தியத்துச் சம்பந்திமார்கள், "இன்னாம்மா, கம்ப்யூட்டர திட்டிக்கினு கீற?" என்று கேட்டுவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் இலவசத் தளம் ஒன்றிலிருந்து அவளுக்குச் செய்தி வந்தது. 'வாழ்த்துகள்! உங்கள் கொள்ளுப்பாட்டி கண்டுபிடிக்கப்பட்டார்.'

பில்லைப் பாதியில் விட்டுவிட்டுத் திறந்தாள். காதர் மொய்தீன் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டம். அதில் 'ஷரீபா ஜைனப், ஏமன் நாடு' என்று இருந்தது. வரைந்தவர் பேர் ஜமால் முகமது. பிர்தௌஸின் சொந்த அண்ணன்! குடும்பத்தில் எல்லோரையும் ஒன்றுகூட்டி விருந்து வைக்கப்போவதாகவும், குடும்ப மரத்தைப் பெரிய ஃப்ளெக்ஸாக அடிக்கப்போவதாகவும் சொல்லிக்கொண்டிருந்தவர், அதற்காகத் தளத்தில் மரம் வளர்த்திருந்தார்.

பிர்தௌஸ் போனை எடுத்தாள். நவுஷாத் கண்ணாடிச் சாமான்களை உள்ளே எடுத்து வைத்தார்.

"இன்னாண்ணே இது? யாரு இந்த ஷரீபா ஜைனப்?"

"நம்ம பூட்டி."

"யாரு சொன்னா?"

"யாராவது சொல்லணுமா? கட்டம் காலியா இருந்துச்சி. பாக்க நல்லா இல்ல. ஒரு பேரு போட்டேன்."

"ஏமன் எதுக்கு?"

"பேருன்னு இருந்தா ஊருன்னு ஒண்ணு வேணாமா? அரபு நாடுன்னா ஒரு மதிப்பு."

"வெள்ளிமலை ஊர் இல்லியா? அத்தா நம்ம ரெண்டு பேரையும் ஒக்கார வச்சித்தான சொன்னாரு?"

"வயசான காலத்துல ஆயிரம் சொல்லுவாரு. இப்ப சம்பந்தம் பேச வரவங்கெல்லாம் நெட்ல பாத்துட்டுத்தான் வாராங்க. மலைக்காரி வம்சம்னு போட்டா நல்லாவா இருக்கும்?"

"மலைக் கடுக்காய வித்துக் கட்டுன வூட்ல ஒக்காந்துகினு மலை நல்லா இல்லன்றியா?"

ஜமால் போனை வைத்துவிட்டார். ஜமாலைச் சும்மா சொல்லக்கூடாது, பொய்யைக்கூட பெயிண்ட் அடித்து மாலை போட்டு உட்கார வைக்கத் தெரிந்த மனிதர். அந்தப் பொய்யும் உட்காரவில்லை, நடந்தது. பினாங்கில் இருக்கும் தூரத்து உறவுக்காரர் ஒருவர் தன் மரத்தில் ஷரீபா ஜைனபை நட்டுக்கொண்டார். காரைக்காலில் ஒருவர் பினாங்கிலிருந்து பதியன் போட்டார். ஆதாரம் என்ற இடத்தில் காரைக்கால் பினாங்கைக் காட்டியது, பினாங்கு ஜமாலைக் காட்டியது, ஜமாலோ கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் காரைக்காலைக் காட்டினார். ஒரு மாதம் போனால் அந்த ஏமன்காரி கப்பலில் என்ன சாப்பிட்டாள் என்பதுவரை எழுதியிருப்பார்கள்.

பிர்தௌஸ் அண்ணன் வளர்த்த மரத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. ஷரீபா ஜைனபை விட்டால் மகன்கள் மட்டுமே இருந்தார்கள். பெண் பிள்ளைகள் கல்யாணமாகிப் போனவர்கள் என்று ஒருத்தியைக்கூடச் சேர்க்கவில்லை. அவளும் இல்லை. அத்தாவின் மூத்த அக்கா ராஜாத்தி மாமியும் இல்லை. அதைவிட அவளைச் சுட்டது வேறு. இத்தனை வருஷமாக அவளும் அத்தாவை, பெரியத்தாக்களை என்று ஆண்களாகப் பார்த்துத்தான் விசாரித்திருக்கிறாள். மாமியைக் கேட்கவே இல்லை.

மறுநாள் காலையில் சங்கராபுரம் பஸ் ஏறினாள். வீட்டார் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய மரம் என்பதால், விட்டுப்போன பெண்களையெல்லாம் தானே அதில் ஏற்றிவிடுவது என்று முடிவு. முதல் கட்டம் ராஜாத்தி மாமிக்கு.

ராஜாத்தி மாமி தன் மகன் வீட்டு வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். வயது எண்பத்தைந்துக்கு மேலே. பல் போய்விட்டது, நாக்கு போகவில்லை.

"ஒங்க பொறந்த வருஷம் இன்னா மாமி?"

"மழை பேயாத வருஷம்."

"எல்லா வருஷமும் அப்பிடித்தான். முழுப் பேரு ராஜாத்தி பீ தான?"

"அது ரேஷன் கார்டு எழுத வந்தவன் வச்சது. எங்கத்தா வச்ச பேரு பாத்திமுத்து."

"பாத்திமுத்தா? ஒருத்தரும் கூப்ட்டு நான் கேட்டதில்லியே!"

"ஏண்டி, நீ எம்.ஏ. படிச்சவ தான? எங்கத்தா அவரோட அம்மா பேரை எனக்கு வச்சிட்டு கடைக்குப் போயிட்டாரு. வூட்ல இருந்து என்னைக் கூப்புடறது எங்கம்மா. மாமியா பேரை மருமவ வாயால சொல்லுவாளா? பாத்திமுத்து, மூக்க தொடைன்னு சொல்ல முடியுமா? பாத்திமுத்து, கழுதன்னு திட்ட முடியுமா? அதான் ராஜாத்தின்னுச்சி. ஊரும் ராஜாத்தின்னுச்சி. ஒங்கத்தா கடைசிப் புள்ள. அவன் கண்ணு தெறக்கும்போதே நான் ராஜாத்தி ஆயிட்டேன்."

பிர்தௌஸ் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"லண்டன்ல இருக்கிற லைப்ரரியெல்லாம் தேடினேன் மாமி! ஏன் சொல்லல?"

"லண்டன்ல போயி கேட்டா நான் எப்பிடிடீ சொல்றது?"

கீரைக்காம்பைத் தூக்கிப் போட்டுவிட்டு மாமியே தொடர்ந்தார். "ஆயாவோட தம்பி அம்மாசின்னு ஒருத்தரு வருவாரு. சாமையும் தேனும் தூக்கிக்கினு மலையிலேருந்து நடந்தே எறங்குவாரு. என்னைத் தோள்ல ஏத்திக்கினு கடைத்தெரு போவாரு. ஆயா பின்கட்டுல ஒக்காந்து அவரோட மலைப்பேச்சு பேசிக்கினு இருக்கும். யாராவது வந்தா நிறுத்திக்கும்."

யாராவது வந்தால் நிறுத்திக்கொண்ட பேச்சு அது. மரியாதை, மரியாதை என்று சொல்லியே ஒரு பெண்ணின் பேரை அவள் மருமகள் வாய்க்குள்ளேயே பூட்டி வைத்த ஊர் இது. இதை எந்த அட்டவணையில் தேடுவது?

பிர்தௌஸ் அங்கிருந்தே அண்ணனைக் கூப்பிட்டாள். பேர் பாத்திமுத்து, ஊர் மலை, சாட்சி மாமி என்று மூச்சு விடாமல் சொன்னாள். ஆச்சரியம், ஜமால் உடனே ஒப்புக்கொண்டார். "ரொம்ப நல்லதாப் போச்சி. இப்பவே மாத்திடறேன்."

மாற்றினார். பஸ்ஸில் வரும்போதே அவள் போனில் பார்த்தாள். 'பாத்திமுத்து, ஏமன் நாடு.'

பொய்ப் பேர் இருந்தபோதாவது என்றைக்காவது யாராவது சந்தேகப்படுவார்கள் என்ற நம்பிக்கை இருந்தது. இப்போது அவளே தேடிக் கொண்டுவந்த நிஜப் பேர் அந்தப் பொய்க்கு முட்டுக்கொடுத்து நின்றது. பினாங்கும் காரைக்காலும் அதையும் நகல் எடுத்துவிட்டன. அவள் விட்டுப்போன பெண்களையெல்லாம் மரத்தில் ஏற்றிவிட்டு, ஏமனை அடித்து வெள்ளிமலை என்று மாற்றினாள். அண்ணன் வெள்ளிமலையை அடித்து ஏமன் என்று மாற்றினார். இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தட்டியதில் எங்கோ அமெரிக்காவில் அந்தத் தளத்தின் மிஷினுக்கே தலை சுற்றி, தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள் என்று கேள்வி.

விருந்து நாள் வந்தது. கச்சிராயபாளையம் சாலையில் பெரிய மண்டபம். மேடைக்குப் பின்னால் சுவர் முழுக்க ஃப்ளெக்ஸ் மரம். ஒட்டகம் ஒன்று, பேரீச்சை மரம் இரண்டு. ஜமால் மைக்கில் ஏமன் துறைமுகத்தைப் பற்றி, நேற்றுத்தான் போய்விட்டு வந்தவர் மாதிரி பேசினார். பிர்தௌஸ் எழுந்து நின்று, "பொய்!" என்றாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் ஃபேனைக் கூட்டி வைத்தார். அவ்வளவுதான். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற சஹன் தட்டுகள் வந்து இறங்கின. பிரியாணி வாசனைக்கு முன்னால் சரித்திரம் நிற்குமா?

குடும்பத்தில் மூத்தவர் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ராஜாத்தி மாமியை நடுவில் உட்கார வைத்தார்கள். மாமிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் இருந்த சப்ரினை இடித்தார். சப்ரின் ஜமாலின் புது மருமகள்.

"அந்த மரத்துல எங்க ஆயா எங்கடீ? படி."

"பாத்திமுத்து, ஏமன் நாடு," என்று சப்ரின் படித்தாள்.

மாமி தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஜமாலு! ஏமன்ல சாமை வெளையுதாடா?"

"மாமி, சாப்புடுங்க, அப்புறமா பேசிக்கலாம்."

"என்னைத் தோள்ல தூக்கிக்கினு போன அம்மாசி ஏமன்லேருந்தா நடந்து வந்தாரு? சொல்றா."

"இத்தினி பேரு எதுர்ல..."

"இத்தினி பேரும் யாரு வயித்துல வந்ததுங்க? அந்த ஊர அழிக்காம நான் கை நனைக்க மாட்டேன்."

தட்டுக்கு நீண்ட கைகளெல்லாம் திரும்பிப் போயின. மூத்தவர் கை நனைக்கவில்லை என்றால் ஒரு பருக்கை இறங்காது. குழந்தைகள் சிணுங்கின. பிரியாணி ஆக்கிய பண்டாரி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "ஆறிப்போனா நான் பொறுப்பில்ல பாய்," என்றார். ஜமால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு யாராவது தனக்காகப் பேசுவார்களா என்று பார்த்தார். எல்லோரும் கறித்துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போனக் குடுங்க மாமா, நான் மாத்தித் தரேன்," என்று சப்ரின் கை நீட்டினாள்.

"அவன் கையால மாத்தட்டும்," என்றார் மாமி.

ஜமால் கட்டைவிரலால் ஏமனை அழித்தார். வெள்ளிமலை, கல்வராயன் மலை என்று அடித்தார். பிர்தௌஸ் தன் போனில் திறந்து பார்த்துத் தலையாட்டினாள். "செவுத்துல கீறது?" என்றார் மாமி. பண்டாரியிடம் எலுமிச்சை அறுக்கிற கத்தி வாங்கி, நாற்காலிமேல் ஏறி, ஜமாலே ஏமனைச் சதுரமாக அறுத்து எடுத்தார். வேகத்தில் ஒட்டகத்தின் தலையும் சேர்ந்து வந்துவிட்டது. அப்புறம்தான் மாமி பிஸ்மி சொல்லித் தட்டில் கை வைத்தார்.

அண்ணன் இன்றுவரை தங்கையோடு பேசுவதில்லை. தங்கைக்கும் பேசத் தோன்றவில்லை. மரத்தில் ஏறின பெண்கள் ஏறினதுதான். ஜமாலின் மனைவி தன் பேரையும் தன் அம்மா பேரையும் தானே போட்டுக்கொண்டாள்.

பினாங்குக்காரருக்கு பிர்தௌஸ் எழுதினாள். 'ஆதாரம் என்ன?' என்று அவர் பதில் போட்டார். அவள் பதில் எழுதவில்லை. வீடியோ காலில் கூப்பிட்டு மாமியிடம் போனைக் கொடுத்தாள்.

"ஆதாரமா கேட்ட? நான்தான். ஒன் ஆயா பேரு இன்னாடா தம்பி?"

அவர் போனை விட்டுத் திரும்பி வீட்டுக்குள்ளே யாரையோ தேடினார்.

"போ. போயி மொதல்ல அதைக் கேட்டுட்டு வா."

அன்று சாயங்காலமே பினாங்கு மரத்தில் ஏமன் காணாமல் போனது. காரைக்கால்காரர் மட்டும் இன்னும் அசையவில்லை. செய்திக்குப் பதில் இல்லை, போனை எடுப்பதும் இல்லை. பிர்தௌஸ் கடையை நவுஷாத்திடம் விட்டுவிட்டுக் காரைக்காலுக்கு எந்த பஸ் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள். மாமியும் வருகிறாராம்.