பிடியரிசிக் கஞ்சியும் கறுப்புக் கல்லும்

எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. விழா முடிந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. ஒன்றாக இருந்த பிரஷர் மாத்திரை இரண்டானதுதான் மிச்சம்.

ஆந்திராவில் இருக்கிற சித்தூரில் எங்கள் சபை நடத்துகிற பாலர் பள்ளிக்குப் பொன்விழா வந்தது. முப்பது வருஷம் அங்கே டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதற்கு முன்னால் அதே இடத்தில் மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவளும் நான்தான். விழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது சபையின் வாட்ஸ்அப் குழுவில் 'நமது பள்ளியின் வரலாறு' என்று நான்கு பக்கம் வந்து விழுந்தது. எழுதியவர் சபைச் செயலாளர். அந்தக் காலத்துப் பாஸ்டர் ஜெபத்தில் இருக்கும்போது சிறுபிள்ளைகளைப் பற்றித் தரிசனம் கண்டாராம். உடனே கமிட்டி கூடித் தீர்மானம் போட்டதாம். பள்ளி பிறந்ததாம். அடேயப்பா, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

நடந்தது எனக்குத் தெரியும். தரிசனமும் இல்லை, தீர்மானமும் இல்லை. மாம்பழ சீசன் வந்தால் எங்கள் அம்மாக்கள் எல்லாரும் பழக்கூழ் ஃபாக்டரிக்குப் போவார்கள். பழம் சீவிச் சீவி விரல் வெந்து போயிருக்கும். சின்னப் பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். அதனால் போகிற வழியில் எங்கள் சபையின் கோயில் காம்பவுண்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அங்கே நிழலும் இருந்தது, குழாயும் இருந்தது. கோயில் மணியடிக்கிறவர் பின்புறம் ஓர் அறையில் குடியிருந்தார். அவர் மனைவிதான் எங்களைப் பார்த்துக்கொண்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை, சம்பளம் பேசவில்லை. சும்மா பார்த்துக்கொள்ளவும் இல்லை. மணலைப் பரப்பி, விரலைப் பிடித்து, ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் தெலுங்கு என்று எழுதவைத்தார். எட்டாவது வரை படித்தவர்.

மத்தியானம் பசிக்குமே? எங்கள் சபையில் பிடியரிசி என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு பெண்ணும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனிப் பானையில் எடுத்து வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். மணியடிக்கிறவர் அறையிலேதான் அந்த மூட்டை இருக்கும். அந்தம்மா மூட்டையை அவிழ்த்தார், கஞ்சி காய்ச்சினார், எங்களுக்கு ஊற்றினார். இவ்வளவுதான் பள்ளியின் வரலாறு. மூன்று சீசன் இப்படி நடந்தபிறகுதான் பாஸ்டர் வந்து ரிப்பன் வெட்டி ஜெபம் பண்ணினார்.

நேரே செயலாளர் வீட்டுக்குப் போனேன். அவன் எனக்கு ஒரு வயது இளையவன். அவன் அம்மாவும் என் அம்மாவும் ஒரே ஃபாக்டரி.

"அக்கா, எழுதி வெச்சிக்கிறதுதான் வரலாறு. வாயால சொல்றதெல்லாம் கல்லுல போட முடியுமா?" என்றான். கமிட்டியின் பழைய மினிட்ஸ் புத்தகத்தைப் பெருமையாக எடுத்து என் முன்னால் வைத்தான். கறுப்பு கிரானைட்டில் ஒரு கல்வெட்டு வேறாம், குப்பம் டவுனில் வெட்டக் கொடுக்கப் போகிறார்களாம்.

புரட்டினேன். பள்ளி ஆரம்பம் என்று இருந்த பக்கத்தைத் தாண்டி, பின்னோக்கி இன்னும் புரட்டினேன். அதற்கு மூன்று வருஷம் முந்தைய பக்கம் ஒன்றில் இப்படி இருந்தது: 'கோயில் மணியடிப்பவரின் மனைவி ஆண்டவருடைய பிடியரிசியை அனுமதியின்றிப் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தபடியால், கமிட்டியார் முன் நிறுத்தி எச்சரிக்கப்பட்டார்.'

ஆண்டவரே! ஐந்தாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்தவர் பெயரைச் சொல்லிக்கொண்டு, பத்துப் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றியவளை நிற்கவைத்து விசாரித்திருக்கிறார்கள். மொத்தப் புத்தகத்திலும் அந்தம்மாவைப் பற்றி இருப்பது அந்த ஒரு வரிதான். அதிலும் பெயர் இல்லை, இன்னாருடைய மனைவி. நான் எழுதுகிற இதிலும் யார் பெயரும் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். அந்தம்மா பெயர் முதலில் கல்லில் ஏறட்டும். அதுவரை பாஸ்டர் பெயர், செயலாளர் பெயர், என் பெயர் எதுவும் என் பேனாவில் வராது.

"தம்பி, இந்தக் கஞ்சிய யாருடா குடிச்சது? நீயும் நானும் ஒரே தட்டுல குடிச்சோம். பள்ளி ஆரம்பம்னு கல்லுல போடப் போற வருஷத்துல நீ ரெண்டாங் கிளாஸ் படிச்சிக்கினு இருந்த. பள்ளிக்கூடமே ஆரம்பிக்காதப்ப நீ எந்தப் பாலர் பள்ளிய முடிச்ச?"

அவன் காபியைக் கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தான். பிறகு, "சரிக்கா, சேத்துடலாம். பேர எழுதிக் குடுங்க" என்றான். எழுதிக் கொடுத்தேன், தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று. நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்தம்மாவுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல். திருப்பதியில் மகள் வீட்டில் இருக்கிறார். மருமகன் மலைக்கு டாக்ஸி ஓட்டுகிறவர், தெலுங்குக்காரர், நல்ல மனுஷன்தான். நான் போய் விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "மா அத்தம்ம ஸ்கூல் பெட்டிந்தண்ட!" என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார், எங்கள் மாமியார் பள்ளிக்கூடம் வைத்தாராம் என்று.

'எனக்கு எதுக்கும்மா பேரு, எல்லாம் ஆண்டவர் பார்த்துப்பார்' என்று அந்தம்மா சொல்வார் என்றுதான் நினைத்தேன். அப்படிச் சொல்லவில்லை.

"இப்டித்தாம்மா சிரிக்கிறாங்க. கோயில் பெருக்கிக்கினு இருந்தவதானே நீன்றா எம் பொண்ணே. நான் சொன்னா யாரு நம்பறா? கல்லுல எம் பேரு கீதுன்னா சொல்லு, வரேன். இவங்களயும் இட்டுக்கினு வந்து காட்டணும். இல்லன்னா என்னிய கூப்புடாத."

"இருக்கும்மா. நானே எழுதிக் குடுத்தேன்" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை.

விழாவன்று மருமகனே காரில் அழைத்துவந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் செல்போன். மகள் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். அந்தம்மா வெள்ளைச் சேலையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கல்லின் மேல் மஞ்சள் துணி போட்டு மூடியிருந்தது. சிறப்பு விருந்தினர் கயிற்றை இழுத்தார், துணி விழுந்தது, கைதட்டினோம். நான் இருந்த இடத்திலிருந்து எழுத்துத் தெரியவில்லை.

செயலாளர் மைக்கில், "நம்ம பள்ளியின் முதல் ஆயாம்மாவுக்கு இப்போது சால்வை அணிவிக்கப்படும்" என்றான். ஆயாம்மா! பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடுகிற வேலைக்கு வந்தவராம்.

அந்தம்மா எழுந்தார். சால்வையோடு நின்றவரைத் தாண்டி நேரே கல்லண்டை போனார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசித்தார். பேராயர் பெயர், அன்றைய பாஸ்டர் பெயர், இன்றைய பாஸ்டர் பெயர், பொருளாளர், செயலாளர். கடைசி வரியில் 'மற்றும் சபையார்' என்று இருந்தது. அதையும் வாசித்தார். கல்லுக்குக் கீழே தரையைக்கூட ஒரு தடவை குனிந்து பார்த்தார்.

செயலாளர் ஓடிவந்தான். "கடைசி நேரத்துல கல்லுல இடம் இல்லம்மா. தப்பா நெனச்சிக்காதீங்க."

அந்தம்மா அவன் முகத்தைப் பார்த்தார்.

"உங்கம்மா உன்னிய இடுப்புல தூக்கிக்கினு வந்து நின்னாளே, அன்னிக்கு நான் இடம் இல்லன்னு சொன்னேனாடா?"

மைக் பக்கத்திலேயே இருந்தது. கோயில் முழுக்கக் கேட்டது.

மருமகன் படம் எடுத்துக்கொண்டிருந்த செல்போனைப் பையில் போட்டார். வந்து மாமியாரின் கையைப் பிடித்தார். "ரண்டி அத்தம்மா, இண்டிக்கி போதாம்" என்றார். வாங்க, வீட்டுக்குப் போகலாம் என்று மெதுவாகத்தான் சொன்னார்.

கேட் வரைக்கும் நான் பக்கத்திலேயே நடந்து போனேன். கார்க் கதவைத் திறந்துவிட்டதும் நான்தான். அந்தம்மா உட்கார்ந்தார், சேலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார், என் முகத்தைப் பார்க்கவே இல்லை.