நாத்தனாரும் நாலு ராத்திரி ஓபராவும்

என் நாத்தனாருக்கு வேலை பட்டன் அழுத்துவது. கேட்கிறவர்களிடம் நான் அப்படித்தான் சொல்வேன். ஓபரா அரங்கத்தில் மேடைக்கு மேலே ஒரு பலகை இருக்கும். பாடுகிறவர்கள் எந்தப் பாஷையில் பாடினாலும் அர்த்தம் நம் பாஷையில் வரி வரியாக அதில் வரும். ஒவ்வொரு வரியையும் ஏற்றி இறக்குவது அவள்தான். கடைசி வரிசைக்குப் பின்னால் கண்ணாடி அறை, ஒரு குட்டி விளக்கு, தலையணை கனத்துக்கு இசைக்குறிப்புப் புத்தகம்.

கல்யாணம் சரிப்படாமல் ஒரே ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். முதலில் அதே அரங்கத்தின் வாசலில் டிக்கெட் கிழித்தாள். பியானோ கற்றவள் என்று தெரிந்ததும் மேலே ஏற்றினார்கள். ஆனாலும் கூப்பிட்டால்தான் வேலை. இந்த வருஷம் அந்த ஜெர்மன் ஓபரா வந்தது. தெய்வங்களும் ராட்சதர்களும் ஒரு மோதிரத்துக்கு அடித்துக்கொள்ளும் புராணக் கதை. நாலு ராத்திரி நடக்கும். ஒழுங்காகச் செய்தால் வேலை நிரந்தரம், சொதப்பினால் வேறு ஆள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

முதல் ராத்திரியில் எப்படியோ தப்பித்தாள். இரண்டாவதன் ஒத்திகையில் மாட்டிக்கொண்டாள். பெரிய தெய்வத்தைப் பெண்டாட்டி பிடித்துக் காய்ச்சுகிற இடம். அவள் பாதி திட்டும்போதே, அவன் பணிந்துபோகிற வரி பலகையில் வந்து நின்றுவிட்டது. விளக்குப் போடுகிறவர்கள் வரைக்கும் சிரித்தார்களாம்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் புத்தகத்தை விரித்துக்கொண்டு, யாருக்கு யார் என்ன வேண்டும் என்றே புரியவில்லை என்று புலம்பினாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கதையைச் சொல்லு என்றேன். அவள் சொல்லச் சொல்ல உறவுமுறை வைத்துப் பிரித்தேன். தகுதிக்கு மீறி மாளிகை கட்டிவிட்டு, கூலியாகக் கொழுந்தியாளையே தருகிறேன் என்று வாக்குக் கொடுத்த மனுஷன் அந்தப் பெரிய தெய்வம். வெளியே அவனுக்குப் பிறந்த அண்ணனும் தங்கையும் தனித்தனியாக வளர்ந்து, இப்போது ஜோடி சேர்ந்து ஓடிவிட்டார்கள். இவனோ அந்தப் பையனுக்குத் துணை போகிறான். கட்டினவள் திட்டாமல் கொஞ்சுவாளா?

"அவ கத்தவே இல்ல அண்ணி. நிறுத்தி நிறுத்தி மெதுவா பேசுறா. முடிச்சிட்டான்னு நெனச்சு அழுத்திட்டேன்."

"மூச்சு வாங்கினா முடிஞ்சிருச்சுன்னு அர்த்தமா? உங்க அண்ணனை நான் என்னைக்காவது ஒரே மூச்சுல திட்டி முடிச்சிருக்கேனா? கையில இருக்கற கரண்டியைக் கீழ வைக்கிற வரைக்கும் முடியல. அவருக்கே தெரியும்."

"தெரியும்" என்றார் என் வீட்டுக்காரர், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

அவள் சிரிக்கவில்லை. ஒத்திகையின் ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டாள். பாடகி நிறுத்தினாலும் அடியில் பெரிய வாத்தியங்கள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தன. புத்தகத்தில் அவை அடங்குகிற இடத்தில் பென்சிலால் ஒரு கரண்டி வரைந்தாள்.

இரண்டாம் ராத்திரிக்கு எனக்கும் ஒரு டிக்கெட் வாங்கித் தந்தாள். நாற்காலி முதுகை ஒடித்தது. மேடையை யார் பார்த்தார்கள்? என் கண் பலகையில்தான். அந்த அம்மாள் திட்ட ஆரம்பித்தாள், நிறுத்தினாள், மறுபடி ஆரம்பித்தாள். எல்லாம் ஓய்ந்த பிறகுதான் அவன் வாய் திறந்தான், அப்போதுதான் வரியும் வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

கடைசியில், திட்டு வாங்கிய அவனே சொல் பேச்சுக் கேட்காத தன் இன்னொரு மகளைத் தூங்கவைத்துச் சுற்றிலும் நெருப்பு மூட்டினான். பலகை வெகுநேரம் இருட்டாகவே இருந்தது. அதைப் பார்க்கவென்றே போனவள் நான், மேடையையே பார்த்துக்கொண்டு அதை மறந்தே போனேன்.

மறுநாள் காலை மேனேஜர் போன் செய்தார். மிச்ச ராத்திரிகளுக்குக் காத்திருக்க வேண்டாம், வேலை அவளுக்கே என்றார்.

இந்த வீட்டில் என்னிடம் எல்லாரும் கேட்பது சாவி எங்கே, உப்பு எங்கே என்றுதான். ஒரு விஷயத்துக்கு அர்த்தம் கேட்டவள் அவள் ஒருத்திதான். முகத்துக்கு நேரே நன்றி சொல்ல எனக்கு வராது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

போனை வைத்த கையோடு அடுத்த புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"மூணாவது நாள்ல ஒரு சிக்கல் அண்ணி. அந்த ஜோடிக்குப் பொறந்த பையன், நெருப்புக்குள்ள தூங்கறவளை எழுப்பிக் கட்டிக்கிறான்."

"அவ இவனுக்கு அத்தை முறையாச்சே?"

"பெரியம்மா முறையும்தான்."

அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.