மேகம் இறங்கிய இறுதி ஆட்டம்

பிள்ளைகளே, ரக்பி கோப்பையின் அடியில் பொறித்த ஊர்ப் பெயர்களில் நம் கவுஞ்சி ஏன் இல்லை என்று கேட்டீர்கள். அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

கொடைக்கானல் விடுதிகளில் வேலை பார்த்தபோது இந்த ஆட்டத்தைப் பழகிய நாலைந்து பேர், மலையூர்களுக்குள் தொடங்கிய கோப்பை அது. முட்டை வடிவப் பந்தை அணைத்துக்கொண்டு ஓடி, எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் அழுத்தினால் புள்ளி. உருளைக்கிழங்கு எடுத்துக் காலியான வயலில்தான் ஆடுவோம். நடுவில் மேகம் இறங்கினால் பக்கத்து ஆள்கூடத் தெரியாது. அந்த மறைவில் சிலர் நாலு எட்டு முன்னே நகர்ந்துகொள்ள, சண்டை வந்தது. அதனால் ஒரு விதி போட்டார்கள். விசில் கேட்டால் எல்லாரும் இருந்த இடத்திலேயே உட்கார வேண்டும். அடுத்த விசில் வரை எழக்கூடாது.

நாங்கள் ஒரே ஒரு தடவை இறுதி ஆட்டத்துக்கு வந்த வருஷம், பள்ளங்கி அணியோடு புள்ளி சமமாக இருந்தது. கடைசி நேரம். பந்து என் கையில். கோட்டுக்கு நாலே எட்டு இருக்கும்போது மேகம் மூடி, விசில் அடித்துவிட்டது.

சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். என்னைத் துரத்தி வந்த பள்ளங்கிக்காரரும் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பூண்டுச் சந்தையில் பழக்கமானவர்.

“என்ன மாப்ளே, கோப்பைய மடியில வச்சுத் தாலாட்டுறியாக்கும்?”

“நீங்க படுத்துத் தூங்குங்க மாமா. வெரசா சோலிய முடிச்சிட்டு எழுப்புறேன்.”

மேகத்துக்குள்ளிருந்து எங்கள் அணி ஆள் ஒருவர் கத்தினார். “ஏலே, பேச்சக் கொற! பந்த விட்றாத!”

அரை மணி நேரம் ஈர மண்ணில் அப்படியே இருந்தோம். மேகம் விலகி விசில் அடித்ததும் துள்ளி எழுந்தேன். எழுந்ததாக நினைத்தேன், அவ்வளவுதான். இரண்டு கால்களும் மரத்துப் போயிருந்தன. முன்னால் சாய்ந்தேன், பந்து நழுவி உருண்டது.

மாமாவாலும் எழ முடியவில்லை. ஆனால் பள்ளங்கி அணியில் ஒருவர் மட்டும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் பந்தை எடுத்துக்கொண்டு மறுகோடிவரை ஓடி, எங்கள் கோட்டுக்கு அப்பால் அழுத்தினார். தடுக்கப் போன எங்கள் ஆட்கள் நொண்டி நொண்டி விழுந்தார்கள்.

“அது என்னங்க உட்கார்ற லெச்சணம்?” என்று நடுவரிடம் சண்டைக்குப் போனோம்.

“உட்காரணும்னுதான் விதி. இப்படித்தான் உட்காரணும்னு எங்க கெடக்கு?” என்றார் அவர். கோப்பை பள்ளங்கிக்குப் போனது.

மாமா தவழ்ந்து வந்து என் காலைத் தேய்த்துவிட்டார். என் கண்ணில் தண்ணீர் வந்தது. உணர்வு திரும்பும்போது கால் வலிக்கிறது என்று அவரிடம் சொன்னேன். அவரும் அப்படித்தான் வலிக்கும் என்றார்.